ரெண்டு பச்சை விளக்கு

மணி ஒம்பது பத்து. பட்டுச் சேலை கட்டிக்கிட்டு ஆபீசு மேசைக்கு அடியில மண்டி போட்டு உக்காந்திருக்கேன். தலையில மூணு முழம் மல்லி, கையில நீல ஒயரு, வாயில இன்னொரு ஒயரோட நுனி. ஒம்பதே முக்காலுக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க. பொண்ணு நான்தான். பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குது. அதுக்குள்ள மஸ்கட்ல இருக்கற மாப்பிள்ளை பூபதியோட வீடியோவுல பேசி முடிக்கோணும், நடுவுல ஒரு தடவை கூடப் படம் நிக்கக் கூடாது, நின்னுச்சுன்னா இந்தச் சம்பந்தம் அத்தோட சரின்னு அவரோட அக்கா ருக்குமணி போன வெள்ளிக்கிழமையே சொல்லிட்டுப் படி இறங்கிட்டாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை நின்னுபோச்சு. மூணாந்தடவையும் நின்னா அது ஒயரு கோளாறு இல்லையாம், சாமியே வேண்டாங்குதாம். சாமிக்கு வேற வேலை இல்ல பாரு, ஈரோட்டுல ஒரு சந்துக்குள்ள வந்து எங்க கேபிளைப் புடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கும். அப்படின்னு மனசுக்குள்ள பேசிக்கிட்டே ஒயரை இழுக்கறேன். முட்டிக்கு அடியில குத்துது, என்னன்னு பாத்தா கொண்டை ஊசி, என்னோடதுதான், எந்த வருசத்ததோ. அதுக்குப் பக்கத்துல மடிச்சது மடிச்சபடி யாரோ ஒரு பையனோட ஜாதகம். அட, இதைத்தான ரெண்டாயிரத்துப் பதினாறுல ஆபீசையே தலைகீழாக் கவுத்துத் தேடுனோம். அந்தப் பையனுக்கு இப்ப ரெண்டு குழந்தை, சின்னது பள்ளிக்கூடம் போகுது. ஜாதகம் காணாமப் போயும் அவனுக்கு அமைஞ்சிருச்சு, எனக்கு ஏழு நகல் எடுத்து வெச்சும் அமையல. சேலை கசங்குது கண்ணு, எந்திரிச்சு வான்னு மேல இருந்து அம்மா சொல்றாங்க. இங்க இருந்து பாத்தா அவங்க காலு மட்டும் தெரியுது, கட்டை விரலு மேலயும் கீழயும் ஆடுது. அம்மாவுக்குப் பயம் வந்தா கட்டை விரலுதான் சொல்லும்.

பதினோரு வருசம் இந்தத் திருமணத் தகவல் மையத்துல வேலை. ஓனரு சென்னியப்பன் அண்ணன் வாசல்ல உக்காந்து வர்றவங்களுக்குக் காப்பி வாங்கிக் குடுப்பாரு, ஜாதகத்தைப் பாத்து ம்ம்னு தலையாட்டுவாரு. உள்ள நானும் சுகந்தியும். விவரம் டைப் அடிக்கறது, போட்டோவைச் சரி பண்றது, கம்ப்யூட்டர் நின்னா எழுப்பறது, பிரிண்டர்ல பேப்பர் மாட்டுனா இழுக்கறது, எல்லாம் நான்தான், கோகிலவாணி. யாரு சொல்லிக் குடுத்தா? ஒருத்தரும் இல்ல. திட்டு வாங்கி வாங்கியே கத்துக்கிட்டது. சுவத்துப் போட்டோவுல நானூத்திப் பதினோரு ஜோடி சிரிச்சுக்கிட்டு நிக்குது, அத்தனையும் என் கையில டைப் அடிச்ச விவரம். என் விவரத்தையும் நான்தான் டைப் அடிச்சேன், பதிவு எண் ஆயிரத்து நூத்தி நாப்பத்தேழு. வருசா வருசம் வயசை மட்டும் மாத்திக்கிட்டே வந்து இப்ப முப்பத்தாறுல நிக்குது. எதிர்பார்ப்புங்கற இடத்துல மொதல்ல ஏழு வரி இருந்துச்சு. குறைச்சுக் குறைச்சு இப்ப நல்ல குணம்னு ரெண்டே வார்த்தை. இன்னொரு ரெண்டு வருசம் போனா குணத்தையும் எடுத்துருவேன். இந்த ஆபீசுல ஒரு கட்டு இருக்கு. எந்தப் பக்கம் வேண்டாம்னு சொன்னாலும் எந்தப் பக்கம்னு வெளிய சொல்லக் கூடாது, ஜாதகம் சரியா அமையலைங்கன்னு மட்டும்தான் போன்ல சொல்லோணும். அந்தப் போனைப் பண்றது என் வேலை. அப்படின்னா என்னை வேண்டாம்னு சொன்ன பதினாலு தடவையும் யாரு யாருக்குப் போன் பண்ணியிருப்பா? நானே, எங்க ஊட்டுக்கு. வணக்கம்ங்க, திருமணத் தகவல் மையத்துல இருந்து பேசறேன், ஜாதகம் சரியா அமையலைங்க, வேற நல்ல எடமா வரும்ங்க. அந்தப் பக்கம் அம்மா, சரிங்க, ரொம்ப நன்றிங்கன்னு வெச்சிருவாங்க. பொழுதோட நான் ஊட்டுக்குப் போனா ரெண்டு பேரும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சோறு திம்போம். பதினாலு தடவை.

மொத வெள்ளிக்கிழமை பூபதி படத்துல வந்ததும் நான் தலை குனிஞ்சு உக்காந்திருக்க, அவரு என்னைப் பாக்காம எனக்குப் பின்னால சுவத்தைப் பாத்துட்டு இருந்தாரு. அத்தனை ஜோடியும் நீங்க சேத்து வெச்சதுங்களான்னாரு. ஆமாங்க, நானூத்திப் பதினொண்ணுன்னேன். நானூத்திப் பன்னண்டு மாட்டறதுக்கு எடம் இருக்குதுங்களான்னு கேட்டாரு. நான் சிரிச்சேன். சத்தியமா பொண்ணு பாக்க வந்த எடத்துல சிரிச்சது அதுதான் மொத தடவை. சிரிச்சுட்டு நிமுந்து பாத்தா படம் நின்னுபோச்சு. சரி, ஒரு தடவை நிக்கறதுதான்னாங்க ருக்குமணி அக்கா. போன வெள்ளிக்கிழமை ரெண்டாவது. கொஞ்சம் பேசுனோம். அங்க கடல் தண்ணியை நல்ல தண்ணி ஆக்கற பிளாண்ட்டுல மெக்கானிக், முப்பத்தொம்பது வயசு, அப்பா அம்மா இல்ல, அக்காதான் வளத்துனாங்க. எல்லாம் நான் டைப் அடிச்ச விவரம்தான், அவரு வாயால கேக்கும்போது புதுசா இருந்துச்சு. அப்புறம் என்னை நேராப் பாத்து, உங்களுக்குன்னாரு. அவ்வளவுதான். வாய் பாதி திறந்தபடி நின்னுபோச்சு. உங்களுக்கு. உங்களுக்கு என்ன? ஏழு நாளா இந்த ஒத்தை வார்த்தை தொண்டையில மாட்டுன மீன் முள்ளு மாதிரி நிக்குது. உங்களுக்குப் புடிச்சிருக்குதான்னா? உங்களுக்குச் சமைக்கத் தெரியுமான்னா? உங்களுக்கு நெசமாவே முப்பத்தாறுதானான்னா? தோசை ஊத்தும்போது உங்களுக்கு, பஸ்சுல உங்களுக்கு, சுகந்தி வந்து அக்கா உங்களுக்குக் காப்பியா டீயான்னா தூக்கிவாரிப் போடுது. அவரு நம்பரு எனக்கு மனப்பாடம், நானே டைப் அடிச்சதாச்சே. ஒரு போன் பண்ணி, ஏனுங்க, உங்களுக்குன்னீங்களே, மீதி என்னங்கன்னு கேட்டிருக்கலாம். கேக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் சம்மதம்னு சொல்ற வரைக்கும் நம்பரு குடுக்கறதில்ல, பேசறதில்ல, அது ரெண்டாவது கட்டு. பதினோரு வருசம் எல்லாருக்கும் சொன்ன கட்டை எனக்குன்னு வர்றப்ப அவுத்துக்க முடியுமா? மொபைல்ல பேசட்டும்னா அதுக்கும் ருக்குமணி அக்கா ஒத்துக்கல. பெரிய டிவியில எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேக்கோணுமாம்.

அதனால பிரச்சினை கடைசியில ஒயருக்கு வந்துருச்சு. ஆபீசுல இருந்தது கேபிள்காரரு குடுத்த ஒரே லைன். மழை பேஞ்சா நிக்கும், காத்தடிச்சா நிக்கும், எதுத்த ஊட்டு மாமரத்துல அணில் ஓடுனா நிக்கும்னு அண்ணன் சொல்வாரு. ரெண்டு தடவையும் நின்னது நம்ம லைன்தான்னு எல்லாரும் முடிவு கட்டிட்டோம். ருக்குமணி அக்கா கேட்டதும் நான்தான் மொதல்ல ஒத்துக்கிட்டேன், ஆமாங்க, எங்க பக்கம்தாங்க கோளாறுன்னு. யாரும் கேக்கறதுக்கு முன்னாலயே ஒத்துக்கிட்டேன். திங்கக்கிழமையே அண்ணன் இன்னொரு கம்பெனி லைனும் இழுத்துட்டாரு, அதோட மோடம் வெள்ளை, பழசு கறுப்பு. ரெண்டையும் சேக்கறதுக்கு நீலமா ஒரு பெட்டி. ரெண்டு லைனும் அதுக்குள்ள போய் ஒண்ணா வெளிய வரும். அண்ணனுக்கு, ரெண்டு ஒயரையும் முறுக்கிச் சேத்துட்டா வேகம் ரெட்டிப்பு ஆயிரும்னு நெனப்பு. ஒரு தொட்டியில ரெண்டு போர்வெல் தண்ணி உடற மாதிரிதான கோகிலாங்கறாரு. அப்படி இல்லைங்கண்ணா, ஒரு பேச்சு ஒரு லைன்லதான் போகும், அது செத்துப்போனா அடுத்த லைன் கை குடுக்கும், நாம பேசறப்ப கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளி விட்டுருவேன்னு மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் ம்ம்னு ஜாதகத்துக்குத் தலையாட்டற மாதிரியே தலையாட்டுனாரு. பெட்டி வித்த கடைக்காரரு இன்னைக்கு மத்தியானத்துக்கு மேலதான் வருவாராம். ராகுகாலத்துல புது வேலை தொடமாட்டாராம், அதுக்கு முன்னால எந்திரிக்கவே மாட்டாராம். நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். இந்த வாய் இருக்கே.

ஒம்பது முப்பத்தஞ்சு. கறுப்பை மட்டும் மாட்டுனா மொத விளக்கு பச்சை. அதைக் கழட்டிட்டு வெள்ளையை மாட்டுனா ரெண்டாவது விளக்கு பச்சை. ரெண்டையும் மாட்டுனா ஒண்ணு பச்சை, ஒண்ணு செவப்பு. எது செவப்புன்னு அதுவே நேரத்துக்கு நேரம் மாத்திக்குது, மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்புல நிக்கற மாதிரி. கழட்டி மாட்டுனேன். மறுக்கா கழட்டி மாட்டுனேன். தனித்தனியா ரெண்டும் தங்கமா இருக்குது, சேந்தாத்தான் ஆகமாட்டேங்குது. எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி இருக்கு. தனியாப் பாத்தா பொண்ணு நல்ல பொண்ணுதாங்க, எங்க பையனும் நல்ல பையன்தாங்க, ஆனாலும் அமையலைங்க. யாரு சொன்னா இதை? அஞ்சாவதா வந்தவங்களா, ஆறாவதா? மேல செருப்புச் சத்தம். அண்ணன் குரலு திடீர்னு தேனா இனிக்குது, வாங்க வாங்க, உக்காருங்க. மேசைக்கு அடியில இருந்து பாத்தா மெட்டி போட்ட அகலமான பாதம், நகத்துல மருதாணி பாதி வளந்து போயிருக்கு. அது ருக்குமணி அக்கா. பக்கத்துல வெடிச்ச குதிகாலோட ரெண்டு காலு அவங்க ஊட்டுக்காரரு, மூணு வாரமா வர்றாரு, இதுவரைக்கும் வாயைத் திறந்தது முறுக்குத் திங்கறதுக்கு மட்டும்தான். பொண்ணு எங்கங்கன்னு ருக்குமணி அக்கா கேக்கறாங்க. அம்மாவோட கட்டை விரலு நின்னுபோச்சு. அண்ணன் பொய் சொல்லத் தெரியாத மனுசன், பொண்ணு மேசைக்கு அடியில இருக்குதுங்கன்னுட்டாரு. ரெண்டு சோடிக் காலும் என் பக்கமாத் திரும்புது. வாயில ஒயரு இருக்க வணக்கம்ங்கன்னேன். வேற என்ன பண்றது.

இனி உக்காந்து அழுகறதுக்கு நேரமில்ல. லேப்டாப்பைத் தரையில வெச்சு, ரெண்டு மோடத்தோட விவரத்தையும் எழுதிப் பாக்கலாம்னு பேப்பர் தேடுனா கைக்குக் கிடைச்சது பொருத்தத் தாளு. எங்க ஆபீசுத் தாளு, இடது பக்கம் பொண்ணு, வலது பக்கம் மாப்பிள்ளை, பேரு, ஊரு, ராசி, நட்சத்திரம், குலதெய்வம்னு வரிசையா இருக்கும். கறுப்பைப் பொண்ணுப் பக்கம் எழுதுனேன், வெள்ளையை மாப்பிள்ளைப் பக்கம். பேருக்கு நேரா கம்பெனி பேரு. ஊருக்கு நேரா எந்தக் கம்பத்துல இருந்து வருதுங்கறது. வேற வேற கம்பம், அது நல்லது. ஒவ்வொரு மோடத்துக்குள்ளயும் அதுக்குன்னு ஒரு விலாசம் இருக்குது, புள்ளி வெச்ச நம்பரு, அதுக்குத் தாளுல எடம் இல்ல. எங்க எழுதறது, குலதெய்வத்துக்கு நேரா எழுதுவோம்னு எழுதுனேன். கறுப்புக்கு 192.168.1.1. வெள்ளையைத் திறந்து பாத்து அதுக்கும் எழுதுனேன். 192.168.1.1. எழுதிட்டு அடுத்த வரிக்குப் போன கை நின்னுபோச்சு. பதினோரு வருசமா இந்த வரியில ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா என் கை அதுவா நிக்கும். ஒரே குலதெய்வம். பங்காளி. அண்ணன் தங்கச்சி முறை. செவப்பு மையில குறுக்க ஒரு கோடு போட்டு ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துருவோம், அதுக்கு மேல ராசி பாக்கறதே கிடையாது. அட கெரகமே, ரெண்டும் பங்காளியா? ரெண்டு கம்பெனிக்காரனும் அவனவன் மோடத்துக்கு ஒரே விலாசத்தை வெச்சு அனுப்பியிருக்கான், பெட்டி எந்த ஊட்டுக் கதவைத் தட்டறதுன்னு தெரியாம முழிக்குது. தனித்தனியா நல்லா இருந்தது அதனாலதான். கோளாறு கறுப்புலயும் இல்ல, வெள்ளையிலயும் இல்ல. மூணு நாளா ரெண்டையும் மாத்தி மாத்தித் திட்டிட்டேன், பாவம்.

மனுசங்களுக்குக் குலதெய்வத்தை மாத்த முடியாது. ஒரே குலதெய்வக்காரப் பையனோட அஞ்சு வருசம் பழகிட்டு வந்து இந்த மேசைக்கு முன்னால உக்காந்து, ஏதாவது வழி இருக்குதாக்கான்னு அழுத பொண்ணு ஒருத்தி இப்ப எதுக்கு ஞாபகம் வர்றா? அவளுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியல. மோடத்துக்குப் பண்ணலாம். வெள்ளையோட பக்கத்தைத் திறந்து மூணாவது நம்பரை ஒண்ணுல இருந்து ரெண்டு ஆக்குனேன். 192.168.2.1. சேமிக்கவான்னு கேக்குது, சேமி தாயி. அணைஞ்சு எரிய ரெண்டு நிமிசம் ஆகுமாம். ரெண்டு நிமிசம். சுகந்தி டம்ளரை அடுக்கற சத்தம் கேக்குது, முறுக்கு உடையற சத்தம் கேக்குது. இது நிக்கக் கூடாது. எனக்கு அந்த மனுசன் வேணும். வெளிய சொன்னா வெக்கம், மேசைக்கு அடியில யாரு கேக்கப் போறாங்க, எனக்கு வேணும். கல்யாணம் ஆகோணும்னு இல்ல, அதை நான் எப்பவோ விட்டுட்டேன். நானூத்திப் பன்னண்டுக்கு எடம் இருக்கான்னு கேட்ட அந்தக் குரலு வேணும். பதினாலு பேருல ஒருத்தராவது என் பின்னால இருக்கற சுவத்தைப் பாத்தாங்களா? என்னைத்தான் பாத்தாங்க, பாத்துட்டு நிறம் கொஞ்சம் கம்மியோன்னாங்க, பேச்சு கொஞ்சம் அதிகமோன்னாங்க. வெளிய சொன்னதெல்லாம் ஜாதகம். இன்னைக்கும் நின்னுச்சுன்னா அந்தப் போனை நான்தான் பண்ணோணும். வணக்கம்ங்க, ஜாதகம் சரியா அமையலைங்க. அம்மா சரிங்கன்னு சொல்றதுக்கு இங்கயே உக்காந்திருக்காங்க, போனு கூட வேண்டாம். மொத விளக்கு பச்சை. ரெண்டாவது செவப்பு. செவப்பு. இன்னும் செவப்புதான். மினுங்குது. பச்சை. ரெண்டும் பச்சையா நின்னுச்சு, நான் மூச்சு விடறதுக்கே பயந்துட்டு உக்காந்திருந்தேன். நிச்சயம் ஆயிருச்சான்னு அண்ணன் குனிஞ்சு கேட்டாரு. லைனைத்தான் கேட்டாரு.

பத்து அஞ்சுக்கு எந்திரிச்சேன். முட்டியில ரெண்டு தூசி வட்டம், அம்மா முந்தானையால தட்டித் தட்டி அதை இன்னும் பெருசாக்கிட்டாங்க. ருக்குமணி அக்கா மேலயும் கீழயும் பாத்தாங்க. பொண்ணு பாக்க வந்தா பொண்ணு ஒயரு வேலை பாத்துக்கிட்டு இருக்குன்னாங்க, திட்டா பாராட்டான்னு கண்டுபிடிக்க முடியல. நீலப் பெட்டியை டிவிக்குக் கீழ, என் கண்ணுக்கு நேரா வெச்சேன். பத்து எட்டுக்கு பூபதி வந்தாரு, தலை நல்லா ஈரமா வாரி, சட்டைக் காலரு ஒரு பக்கம் மட்டும் மேல தூக்கிக்கிட்டு. தேய்ச்சுக் குடுக்க ஆள் இல்லாம தானே சட்டை தேய்க்கற மனுசன். எப்படி இருக்கீங்கன்னாரு. நல்லா இருக்கேனுங்கன்னு சொல்லிட்டு விளக்கைப் பாத்தேன், பச்சை. இன்னைக்கு லைன் நல்லா இருக்குதுங்களேன்னாரு. ரெண்டு லைன் போட்டிருக்கோம்ங்க, பச்சை. ரெண்டா, எப்படிங்க சேத்துனீங்கன்னாரு. குலதெய்வம் ஒண்ணா இருந்துச்சுங்க, மாத்துனேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன், அவரு முழிக்கறாரு, நான் விளக்கைப் பாக்கறேன், பச்சை, பச்சை. ஊடால உங்களுக்குன்னு போன வாரம் என்னங்க கேக்க வந்தீங்கன்னு நாக்கு நுனியில வந்து நிக்குது. ருக்குமணி அக்கா இருக்கும்போது எப்படிக் கேக்கறது? பத்து பத்தொம்பது. ருக்குமணி அக்கா கடிகாரத்தைப் பாத்துட்டு, பேசுனது போதும் பூபதி, ராகுகாலம் வரப்போகுது, ஒத்தை வார்த்தையில சொல்லிருன்னாங்க. அவரு தொண்டையைச் செருமிக்கிட்டு நிமுந்து உக்காந்தாரு. எனக்குன்னாரு.

நின்னுபோச்சு. ஒரு கண்ணு மூடி, ஒரு கண்ணு பாதி திறந்து, வாய் எனக்குல நிக்குது. போன வாரம் உங்களுக்கு, இந்த வாரம் எனக்கு. ருக்குமணி அக்கா ஊட்டுக்காரரு கையில முறுக்கு பாதியில நிக்குது. ருக்குமணி அக்கா மெதுவா எந்திரிச்சாங்க, மடியில இருந்த பையை எடுத்து அக்குள்ல வெச்சாங்க. மூணாச்சும்மா, தப்பா நெனச்சுக்காதீங்கன்னு எங்கம்மாகிட்ட சொல்றாங்க. அம்மா பழக்கத்துல, சரிங்கன்னுட்டாங்க. அண்ணன் எந்திரிச்சு வந்து என்னைப் பாத்தாரு, ஜாதகம்னு சொல்லிரலாமான்னு கேக்கற பார்வை. எனக்கு எங்க பக்கம்தாங்க கோளாறுன்னு சொல்ல வாய் வந்துருச்சு, பதினோரு வருசப் பழக்கம், ஒத்துக்க வந்துருச்சு. அப்பத்தான் கீழ பாத்தேன். மொத விளக்கு பச்சை. ரெண்டாவது விளக்கு பச்சை. ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது. உள்ள சுகந்தி கம்ப்யூட்டர்ல யாரோ அனுப்புன ஜாதகம் நிக்காம இறங்கிக்கிட்டே இருக்கு. மறுக்கா விளக்கைப் பாத்தேன். பச்சைதான். நம்ம பக்கம் இல்ல. இது நம்ம பக்கம் இல்லவே இல்ல. அப்ப போன வாரம்? அதுக்கு முந்துன வாரம்? அந்தப் பதினாலும்? அதெல்லாம் யாரு பக்கம்னு யாரு பாத்தா, பாக்கறதுக்கு அன்னைக்கு விளக்கு ஏது. அக்கா உக்காருங்கன்னேன். என் குரலு எனக்கே புதுசா இருந்துச்சு. எங்க பக்கம் சரியா இருக்குதுங்க. வந்து பாருங்க, ரெண்டு லைனும் ஓடுது. நின்னது உங்க பக்கம்ங்க. அண்ணன் கையில இருந்த காப்பி டம்ளரைக் கீழ வெச்சுட்டாரு. எந்தப் பக்கம்னு இந்த ஆபீசுல ஒருத்தரு வாய் விட்டுச் சொன்னது இதுதான் மொத தடவை.

ருக்குமணி அக்கா நெசமாவே குனிஞ்சு அந்தப் பெட்டியைப் பாத்தாங்க. எங்க பக்கமா, மஸ்கட்டு எவ்வளவு பெரிய ஊருன்னாங்க. அதுக்குள்ள ஆபீசுப் போன் அடிச்சுது, நான் அம்மாவுக்குப் பதினாலு தடவை பண்ணுன அதே போன். கை அதுவாப் போய் எடுத்துச்சு, வாயும் அதுவாச் சொல்லுச்சு, வணக்கம்ங்க, திருமணத் தகவல் மையம். மூச்சு வாங்கற சத்தம். பூபதி பேசறனுங்க, படத்துல உங்க ஆபீசு போர்டுல இருந்த நம்பரைப் பாத்துப் போட்டனுங்க, கட்டு மீறிட்டன்னா மன்னிச்சுக்கோங்க. இங்க ரூமுல ஒரே லைன்ல எட்டுப் பேருங்க, வெள்ளிக்கிழமை காலையில எட்டுப் பேரும் ஊட்டுக்குப் படம் போட்டுப் பேசறாங்க, மூணு வாரமாவும் என் பக்கம்தாங்க நின்னிருக்குது, இன்னைக்குத்தான் ரூட்டரைப் பாத்தேன், செவப்பு. அவரு பேரைச் சொன்னதுமே ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கி வெச்சுட்டேன். எல்லாரும் கேக்கோணும்னு ஆசைப்பட்டாங்கல்ல. எனக்குன்னு நின்னுட்டியேடான்னு ருக்குமணி அக்கா, மரியாதையும் இல்லாம அதட்டலும் இல்லாம, ரெண்டுங்கெட்டான் குரல்ல கேட்டாங்க. எனக்குச் சம்மதம்னு சொன்னனுங்க்கா, சொல்லி முடிச்சுட்டு நிமுந்து பாத்தா இங்க உங்க படம் நிக்குது. ருக்குமணி அக்கா நின்னுக்கிட்டே இருந்தாங்க, பை அக்குள்லயே இருந்துச்சு. தப்பு நம்ம பக்கம்னா அது சாமிக்கு என்ன கணக்குன்னு யோசிக்கறாங்கன்னு தெரிஞ்சுது. அப்ப அவங்க ஊட்டுக்காரரு மூணு வாரத்துல மொத தடவையா வாயைத் திறந்தாரு. உக்காரு ருக்குன்னாரு. சொல்லிட்டு இன்னொரு முறுக்கு எடுத்துக்கிட்டாரு. அக்கா உக்காந்தாங்க.

மணி பத்து இருவத்தேழு. இனி மூணு நிமிசம் இருக்குது. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க, அம்மாவோட கட்டை விரலு ஆடுது. பொண்ணு என்ன சொல்றான்னு ருக்குமணி அக்கா. சொல்றேனுங்க, அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரியோணும், ஏழு நாளாச் சோறு எறங்கல. ஏனுங்க, போன வாரம் உங்களுக்குன்னு சொல்லி நிறுத்துனீங்களே, மீதி என்னங்கன்னு போன்கிட்டக் கேட்டேன். அந்தப் பக்கம் பதில் வர்றதுக்குள்ள நின்னுபோச்சோன்னு நான் பெட்டியைப் பாத்தேன், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனாலும் பாத்தேன், ரெண்டும் பச்சை. அதுங்களா, அது ஒண்ணுமில்லைங்க. உங்களுக்குக் கேக்குதான்னு கேட்டனுங்க. ஏழு நாளு. தோசை கருகி, பஸ்சு தவறி, ஏழு நாளு. சுகந்திதான் மொதல்ல சிரிச்சா, அப்புறம் அண்ணன், அப்புறம் வாயில முறுக்கோட அந்த மனுசன். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு. எதை எதையோ கேட்டிருப்பாருன்னு நெனச்சேன், என் குறை ஒண்ணொண்ணையும் எடுத்து அந்த வார்த்தைக்குப் பின்னால மாட்டி மாட்டிப் பாத்தேன். அவரு கேட்டது அவ்வளவுதான். இப்பக் கேக்குதுங்களான்னாரு பூபதி, கொஞ்சம் பயந்த குரல்ல. நான் ருக்குமணி அக்காவைப் பாத்துச் சம்மதம்னு தலையாட்டிட்டு, ஸ்பீக்கரை அணைச்சுப் போனைக் காதுல வெச்சேன்.

கேக்குதுங்க. சொல்லுங்க.